கம்ப்ரசர்

மெக்கானிக் இழுத்ததும் ஏசியின் முகப்பு மூடி கழன்று வந்தது. தூசு மொத்தமும் கட்டிலில் கொட்டியது.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். கட்டிலில் ஒரு தலையணைதான் இருந்தது. மற்றது ஹாலில், சோபாவின் மேல் கிடந்தது.

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. ஏசி வெறும் காற்றை ஊதியது. குளிர் இல்லை. கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டார். அங்கே ஜன்னல் பெரியது.



அவர்களுக்குள் பேச்சே இல்லை.

மாசிக் கடைசியில் மகள் கயல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கூடாது என்று சொல்லியிருந்த பையன். சாட்சிக் கையெழுத்துப் போட்டது அம்மாவான அவள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

விஷயம் தெரிந்த அன்று அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தார்.

அதோடு சரி.

சண்டை இல்லை. சத்தம் இல்லை. வேளைக்குச் சாப்பாடு மேசைக்கு வரும். அவர் சாப்பிடுவார். சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால், பால்காரரோ பக்கத்து வீட்டு அம்மாவோ வரும்வரை காத்திருந்து, அவர்களைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஆனாலும் ஏசி ஓடியவரை இரவில் ஒரே அறையில் படுத்தார்கள். வீட்டில் ஏசி அந்த அறையில் மட்டும்தான். வேலூர் வெயிலில் அதற்கு யாரும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விடியற்காலையில் குளிர் ஏறும்போது போர்வையில் பாதி அவள் பக்கம் வந்து விழும். தூக்கத்தில் தள்ளினாரா, விழித்திருந்து தள்ளினாரா என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

பார்த்தால் நின்றுவிடும்.

மெக்கானிக் தஸ்தகீர் பால்கனிக்குப் போனார். வெளிப்பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். நெற்றியைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"போன வருசம் கேஸ் அடிச்சீங்களாம்மா?"

"அதுக்கு முன்வருசமும் அடிச்சோம்."

"லீக் எங்கன்னு பாக்காமயே அடிச்சிட்டுப் போயிருக்காங்க. ஏசில கேஸ் தானா கொறையாதும்மா. கொறஞ்சா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். கம்மி கேஸ்லயே ஓடி ஓடி, இப்ப கம்ப்ரசரும் போயிடுச்சி."

"எவ்ளோ ஆவும், பாய்?" கணவர் அறை வாசலில் வந்து நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"புதுசு வாங்கற வெலயில பாதி வந்துடும் சார். கம்ப்ரசருக்கு ஒரு வருசம் கேரண்டி, பில்லுல எழுதித் தந்துடறேன். வேற எதனா போச்சின்னா அது தனிச் செலவு. ரிப்பேரு பாதி வெலயத் தொட்டுட்டா புதுசாவே போட்டுடுங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது."

அவர் சுவரைப் பார்த்தார்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

"அவரு இஷ்டம்னு சொல்லுங்க."

தஸ்தகீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கடி தூரம்கூட இல்லை. அவர் கண் ஹாலுக்குப் போய், சோபாவில் கிடந்த தலையணையில் நின்று திரும்பியது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரிப்பேருக்குப் போடற காச முன்பணமா கட்டிட்டா, தவணையில ரெண்டு புதுசு எடுத்துடலாம். ரூமுக்கு ஒண்ணு, ஹாலுக்கு ஒண்ணு. அவங்கவங்க எடத்துல நிம்மதியாத் தூங்கலாம்."

"வேணாம்."

இரண்டு குரல்களும் ஒன்றாக விழுந்தன.



"கரண்டு பில்லு எகிறிடும்" என்றாள் அவள், தஸ்தகீரைப் பார்த்து.

"ஹால்ல செவுத்த ஒடைக்கணும்" என்றார் அவர், தஸ்தகீரைப் பார்த்து.

"அப்ப இந்த ரூமுக்கு மட்டும் புதுசு..."

"இதையே சரி பண்ணுங்க, பாய். மொதல்ல லீக்கப் பாருங்க. அப்பறம் கேஸ் அடிக்கலாம்" என்றார் அவர்.

தஸ்தகீர் ஸ்பானர்களைப் பைக்குள் போட்டார். கம்ப்ரசர் சென்னையிலிருந்து வரவேண்டும், ரெண்டு மூணு நாளாவும், அதுவரைக்கும் சமாளிங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் அறையைப் பெருக்கினாள். விரிப்பை உதறி மாற்றினாள். வெளியே வெயில் பால்கனிச் சுவரைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

ஹாலில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தார். வயர் பின்னால் தரையில் இழுபட்டது. வாசலில் நிற்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் அதை வைத்தார். குனிந்து, மூச்சு வாங்க, பிளக்கைச் செருகினார். ஃபேன் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துச் சுற்றத் தொடங்கியது. அதன் தலையைப் பிடித்து, கட்டிலின் பக்கம் மெல்லத் திருப்பினார்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி முடி லேசாக அசைந்தது.

"காத்து வருதா?"

அவள் நிமிர்ந்தாள்.

அறையில் வேறு யாரும் இல்லை.