உச்சிவெயிலில் ஒரு கருத்துக்கணிப்பு

கானல் அசையும் உச்சிப்பொழுதில் மேய்ச்சல் காடே கண் செருகிக் கிடந்தது. ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையைப் புதைத்தபடி செம்மறிகள் நின்றன. கருத்துக் கேட்க வரும் கரிச்சான் குருவி எப்போதும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

அது ஓர் ஆட்டின் முதுகில் உட்கார்ந்து கேட்டது: "புல் போதுமா? நீங்கள் ஓட்டுப் போட்டு வைத்த காவல் நாய் யோக்கியமா? இந்த மந்தையை நீங்கள்தானே ஆளுகிறீர்கள்? இல்லை என்பவர்கள் தலையைத் தூக்குங்கள்."

செம்மறித் தாய் செவலை, தன் வயிற்று நிழலில் தலை புதைத்திருந்த மொட்டைச்செவியைக் காலால் இடித்தாள். நேற்று அவள் குட்டியை நரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பங்காக ஒரு தொடையை வாங்கிக்கொண்டது அந்த நாய்தான்.

"மொட்டைச்செவி, நீயும்தானே பார்த்தாய்? தலையைத் தூக்கேன்," என்றாள்.

"பார்த்தேன் அக்கா. திருட்டு நாய்தான், அதில் என்ன சந்தேகம்? வெயில் தாழட்டும், எல்லாரும் சேர்ந்து நன்றாகத் திட்டுவோம்," என்று வயிற்றடியிலிருந்து பதில் வந்தது.

செவலை தனியாகத் தலையைத் தூக்கினாள். வெயில் கண்ணில் குத்தியது. தூரத்துக் கானலில் அவள் குட்டி துள்ளித் துள்ளி வருவதுபோல் இருந்தது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ அசைந்ததில் என் நிழல் போச்சு, அக்கா," என்று முனகினாள் மொட்டைச்செவி.

கரிச்சான் தலைகளை எண்ணி முடித்து எழும்பியது. பறந்துகொண்டே முடிவை அறிவித்தது:

"மந்தைக்குப் பரிபூரண திருப்தி. ஓர் ஆட்டுக்கு மட்டும் வெயில் தலைக்கேறிவிட்டது."