துண்டுக்குள் ஒரு கட்டடம்

வாசிப்பறை மேசையில் குருபாதம் அண்ணாச்சி தோள்துண்டை விரித்ததுமே, பேரம் அந்தப் புகைப்படத்துக்குத்தான் என்று காப்பாளர் தில்லைவடிவுக்குப் புரிந்துவிட்டது. படத்தில், மிளகாய்க் காம்பு கிள்ளும் பெண்கள் கூலி கேட்டு அண்ணாச்சியுடைய தாத்தாவின் மண்டி வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பயந்த முழியோடு தாத்தா. அந்தப் போராட்டத்துக்கு மிஞ்சிய ஒரே சாட்சி, இந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் ஒழுகுகிற ஆவண அறையில் இருந்தது.

“மண்டிக்கு நூறாவது வருஷ விழாம்மா. அந்தப் படம் தொலைஞ்சுபோனா யாருக்கு நட்டம்?”

“அதுல உக்காந்திருக்கவங்களுக்கு, அண்ணாச்சி.”

“அவங்கதான் செத்துப்போயாச்சே!”

“உங்க தாத்தா மட்டும் உசுரோடயா இருக்காரு? அவருக்கு விழா எடுக்கீங்கள்ல?”

சந்தை வழக்கப்படி, விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் அண்ணாச்சி எதையும் முடிப்பார். பெண்பிள்ளையாயிற்றே என்று அவர் தயங்க, மாட்டுத்தரகர் மகளான தில்லைவடிவு தானே கையை உள்ளே விட்டாள்.

“புதுக் கட்டடம். விரலுக்கு ஒரு மாடி,” என்று முணுமுணுத்து ஒரு விரலைப் பிடித்தார். பிறகு இரண்டு. மூன்றைப் பிடித்தபோது, மழைக்குப் பயந்து அவள் மூலைக்கு மூலை தூக்கிச் சுமந்த பெட்டிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. கை தளர்ந்தது. அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகவில்லை. விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டாள். அவர் விடாமல் பிரிக்கப் பார்க்க, இடது கையால் துண்டை உருவி எறிந்தாள்.

அவள் மூடிய கையை அண்ணாச்சியின் விரல்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருந்ததை அறையே திரும்பிப் பார்த்தது. கேமராவோடு பழைய படங்களுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த அமலியிடம் சொன்னாள்: “இதையும் ஒரு படம் புடிச்சுப் பெட்டியில வையி. நாளைக்கு இவரு பேரன் கேட்டு வருவான்.”