பாதிச் சுண்ணாம்பு

திருநகர் வீட்டுச் சமையலறையில் மதிய வெயில் விழுகிறது. இரவெல்லாம் ஃப்ரீசரில் உறைந்த இரண்டு களிமண் உருண்டைகளை மருமகள் முத்துச்செல்வி தட்டில் வைத்திருக்கிறாள். லடாக்கில் என் மகன் பாண்டிராஜ் சாலை போடப்போகும் இடத்து மண். ஒன்றில், மண் இறுகி நிற்க, ஒப்பந்தப்படி முழு அளவு சுண்ணாம்பு கலந்திருக்கிறது. மற்றதில் அவன் போட நினைக்கும் பாதி அளவு. உறைந்தது இளகிய பிறகும் முதல் உருண்டை கல்லாக நிற்கிறது. இரண்டாவதில் வெடிப்பு ஓடுகிறது, நீர் கசிகிறது, சத்தமில்லாமல் சரிந்து சேறாகிறது. "பனிக்குள்ள எவன்ப்பா வந்து தோண்டிப் பாக்கப் போறான்?" என்கிறான் பாண்டிராஜ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பனி உருகும்ல, மாமா?" என்று முத்துச்செல்வி என்னிடம் சொல்கிறாள். பெரியவர் கையால் வெற்றிலைத் தட்டு வாங்காமல் எங்கள் குடும்பத்தில் எவனும் வேலைக்குக் கிளம்புவதில்லை. இன்று கிளம்பும் அவனுக்கான தட்டு காலையிலிருந்து தயாராக இருக்கிறது. "மலைச்சாமி மகன் போட்ட ரோடுன்னு என் பேரையும் சேத்துல்லடா சொல்லுவாய்ங்க!" இரு கையாலும் சேற்றை வழித்து வெற்றிலை மேல் வைக்கிறேன். "இந்தா, வாங்கிக்கிட்டுக் கிளம்பு." நீட்டிய தட்டிலிருந்து கலங்கல் நீர் அவன் கால்விரலில் சொட்டுகிறது. செல்போனை இறக்கிவிட்டான். கை மட்டும் நீளவில்லை.