வளையல் அறிவிப்பு

தங்கையின் வளைகாப்புக்குப் புனே கிளம்பிய செண்பகவல்லி, கண்ணாடி வளையல் பெட்டியைக் காலையிலிருந்து மடியைவிட்டு இறக்கவில்லை. விமானம் தாமதம் என்றார்கள், இன்னும் தாமதம் என்றார்கள், கடைசியில் ரத்து என்றார்கள். கவுன்டர் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"அடுத்த ஃப்ளைட் நாளைக்குத்தான் மேடம்."

பின்னால் நின்ற வழுக்கைத்தலைக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வளைகாப்பு. நாளைக்குப் போயி நான் யாருக்கு வளையல் போட?" என்று செண்பகவல்லி பெட்டியை மேசைமேல் ஓங்கி வைத்தாள். அந்தப் பெண் பதறி எழுந்தாள். அப்போதுதான் அவள் வயிறு தெரிந்தது.

"எத்தனை மாசம்?"

"ஏழு, மேடம்."

"வளையல் போட்டாங்களா?"

"லீவு கிடைக்கல."

செண்பகவல்லி பெட்டியைத் திறந்தாள். "இதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கையை நீட்டு."

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் முன்னால் வந்தார்கள். பச்சையும் சிவப்புமாக இரண்டு கையும் முழங்கைவரை நிறைந்தன. யாரோ குலவையிட்டார்கள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் கூச்சத்தோடு மைக்கை எடுத்தாள். கூடம் முழுக்க முதலில் வளையல்கள் குலுங்கின. அதற்குப் பிறகுதான் மும்பை விமானமும் ரத்து என்பது கேட்டது.

வழுக்கைத்தலைக்காரர் கத்தலை விட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு கவுன்டருக்கு வந்தார்.

"சரியாக் காதுல விழல. மைக்குல இன்னொரு வாட்டி சொல்லும்மா."