எல்லாப் புகாரும் ஆட்டின் மேல்

“ஒரு புகார்கூட இல்லையா?” ஜப்பான் அதிகாரி மேஜையில் ஓங்கி அடித்தார்.

அலுவலக எழுத்தரான கிராணி பொன்னுதுரை தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பல்லி விழுந்து ஓடியது.

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில், காஜா பேராங் ஊரில் அரிசி அட்டைக்குப் பெயர் பதியும் அலுவலகம் அது. மக்கள் குறைகளைக் கேட்டு அலுவலகத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று அதிகாரிக்குத் திடீர் ஆசை. வாசலில் பெட்டி வைத்தார். காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிகிற பழக்கத்தில் ஜனங்கள் பெட்டிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். சீட்டு மட்டும் யாரும் போடவில்லை.

எப்படிப் போடுவார்கள்? ஜப்பான்காரனிடமே போய்க் குறை சொல்லி அறை வாங்க யாருக்குக் கன்னம் தடித்திருக்கிறது?

“குறை இல்லாத அலுவலகமே கிடையாது. மறைக்கிறார்கள்!” என்று மலாயில் கத்தினார் அதிகாரி. “வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு ஒரு புகார் வர வேண்டும். புகார் இல்லாத வீட்டுக்கு அரிசி அட்டை கிடையாது. யார் மேல் புகாரோ, அவர் மேல் கடும் நடவடிக்கை!”

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். சிரம்பானிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பெயர் பதிவதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார். வரிசை நகரவில்லை என்று எவன் எழுதினாலும் அறை அவருக்குத்தான். கண்ணாடியைச் சட்டென்று கழற்றி வைக்க வீட்டில் பழகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெட்டி நிரம்பி வழிந்தது. பொன்னுதுரை முன்கூட்டியே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சீட்டுகளைக் கண்ணருகே பிடித்து ஒவ்வொன்றாக அதிகாரிக்கு மலாயில் சொன்னார்.

“வெயிலில் நிற்கும்போது பாக்கியலட்சுமியின் ஆடு என் சேலையைத் தின்கிறது. கூரையும் தடுப்பும் இருந்தால் ஆடு வராது.”

“நாள் முழுக்க நின்று கால் மரத்துப்போகிறது. பாக்கியலட்சுமியின் ஆடு முட்ட வந்தால் ஓட முடியவில்லை. உட்கார்ந்திருந்தால் முட்டாது.”

“வரிசை நீளமாக இருப்பதால் பாக்கியலட்சுமியின் ஆடு நடுவில் புகுந்துவிடுகிறது. இரண்டு வரிசை இருந்தால் நீளம் குறையும்.”

எல்லாப் புகாரும் ஆட்டின் மேல். அரிசியில் கிடக்கிற கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதிகாரியின் மேல் ஒன்றுகூட இல்லை. முக்கியமாக, பொன்னுதுரையின் மேல் ஒன்றுமே இல்லை. அவர் நிம்மதியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“காம்பிங்!” என்று அதிகாரி கர்ஜித்தார். “அந்த ஆட்டைப் பிடியுங்கள்! பிடிபடுகிற வரைக்கும் கூரை போடு! பெஞ்சு போடு! இன்னொரு மேஜையும் போடு!”

அடுத்த வாரமே வாசலில் அத்தாப்பு ஓலைக் கூரை வந்துவிட்டது. மூங்கில் தடுப்பு வந்தது, பெஞ்சு வந்தது, பெண்களுக்குத் தனி மேஜை வந்தது. சிப்பாய்கள் புதர் புதராக ஆட்டைத் தேடினார்கள்.

பொன்னுதுரைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தனியாக வாழ்கிற ஒரு பெண்ணின் ஆட்டின் மேல் ஊரே சேர்ந்து பழி போடுவதா? வரிசையில் இருந்த மளிகைக்கடை அப்துல் கய்யூமைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்கமாயில்லையோ, பாய்? ஆம்பிளை இல்லாத வீடு எண்டுதானே அந்த அக்காவின்ர தலையிலை போட்டனியள்?”

கய்யூம் பெஞ்சில் சாய்ந்துகொண்டார். “நமக்கென்ன கிராணியாரே, உக்கார எடம் கெடைச்சுச்சுல்ல?”

என்ன ஜனங்கள் இவர்கள் என்று பொன்னுதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க பாக்கியலட்சுமியின் வீட்டுக்கு ஓடினார். அவள் வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஆட்டை ஒளிச்சு வையுங்கோ! சிப்பாய்கள் தேடுறாங்கள். பிடிச்சால் வெட்டிப்போடுவாங்கள்.”

“தேடட்டும் ஐயா.”

“ஊர்ச்சனம் முழுக்க உங்கட ஆட்டின்ர மேலை புகார் எழுதியிருக்குது. தெரியுமோ?”

“தெரியாம என்ன? வீடு வீடாப் போயி அப்படி எழுதச் சொன்னதே நாந்தான்” என்றாள் அவள். “கய்யூம் பாய் உங்க பேரை எழுதத்தான் இருந்தாரு. பாவம், கிராணியாரு புள்ளகுட்டிக்காரரு, அவர் அடி வாங்குவாரு, ஆட்டு மேலயே எழுதுங்கன்னுட்டேன்.”

பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவோ அக்கா? அந்த வாயில்லாச் சீவன் அம்பிட்டால் என்ன கதி?”

“அது அம்புடாது. அம்புடாத வரைக்கும் கூரையும் பெஞ்சும் அங்கேயே இருக்கும்ல?”

“அப்பிடி எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

பாக்கியலட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடித்திருந்த வயிற்றில் வந்து அவள் பார்வை நின்றது.

“நீங்க வேலைக்கு வந்த அன்னைக்கு அதிகாரி பங்களாவுல விருந்து வச்சாங்கல்ல? அன்னைக்குக் காலையிலதான் சிப்பாய்ங்க வந்து, யாரு ஆடுன்னுகூடக் கேக்காம அதை இழுத்துட்டுப் போனாங்க. நீங்க ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்கன்னு சமையக்காரர் சொன்னாரு. கறி நல்லா இருந்துச்சுங்களா?”