வராந்தாவுக்கு வராத சூசை

உவரிக் கடற்கரையில் கட்டப்போகும் வீட்டில் ஒரு சிக்கல் மட்டும் அமலிக்குப் பிடிபடவில்லை. அஸ்திவாரம் போடும் முன்பே அந்த வீட்டில் ஒரு வருடம் வாழ்ந்து பார்க்கும் ஒத்திகை கணினித் திரையில் ஓடியது. அவளுடைய பழக்கங்களையும் கணவர் சூசையின் பழக்கங்களையும் கற்றுக்கொண்ட இரண்டு சின்ன உருவங்கள் அதில் நடமாடின. அமலியின் உருவம் தினமும் கடலைப் பார்த்த வராந்தாவில் உட்கார்ந்தது. சூசையின் உருவம் ஒருநாள்கூட அங்கே வரவில்லை. பின் அறையிலேயே இருந்தது.

அவளுக்கு வலித்தது. முப்பது வருடம் கப்பலில் கிடந்தவரோடு சேர்ந்து உட்காரத்தான் இந்த வீடே.

"கடல் புளிச்சுப்போச்சா, இல்ல நான் புளிச்சுட்டேனா?" என்று கணவரிடமே கேட்டாள்.

சூசை சிரித்து மழுப்பினார்.

திரையில் அமலி வராந்தாவில் நிழலைக் கூட்டினாள், மின்விசிறி வைத்தாள். சூசையின் உருவம் அசையவில்லை. கடைசியில் அலைச் சத்தத்தை நிறுத்திப் பார்த்தாள். அது எழுந்து வந்து அவளுடைய உருவத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"இன்ஜின் ரூம்ல இடது காது போயிடுச்சு, அமலி," என்றார் அதைப் பார்த்த சூசை தயக்கத்துடன். "அலை இரைஞ்சா நீ பேசுறது விளங்காது. சும்மா தலையாட்டிக்கிட்டு உக்கார மனசு வரல."

"இதைச் சொல்ல ஒரு வீடு கட்டணுமா?"

அலையை மறுபடி ஓடவிட்டு அவள் வரைபடத்தைத் திருத்தினாள். வராந்தாவின் கடல்பக்கம், உட்கார்ந்தவர் தலைக்கு மேல் உயரும் கண்ணாடிச் சுவர். அது கடலை மறைக்காமல் இரைச்சலைக் குறைக்கும். அவளுடைய நாற்காலி அவருக்கு வலப்பக்கம், ஒட்டினாற்போல். ஒத்திகையில் சூசை தினமும் வந்து உட்கார்ந்தார்.