மூன்று வாளித் தோல்

வாளியில் உருளைக்கிழங்குத் தோல் மிதப்பதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

"என்ன வில்ஃப், கப்பல்ல அறுநூறு பேருக்குச் சமைச்சவரு, இங்க அம்பது பேருக்கே மூச்சு வாங்குதா?" என்று எனிட் கிண்டலடித்தாள்.

அந்தக் கப்பல் சமையல்காரன் நான்தான். எனிட், எங்கள் கொதிகலன் அறையில் வேலை பார்த்த பெர்சி லஸ்கோமின் மனைவி. உலகப் போரில் எங்கள் 'ஆல்டர்மியர்' போர்க்கப்பல் மூழ்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் பிழைத்தவர்கள் பிளிமத்தில் கூடுவோம். நினைவுத் தூணில் மாலை வைத்த பிறகு, இந்தச் சர்ச் கூடத்தில் என் கையால் கப்பல் ஸ்டூ சாப்பிடாமல் ஒருவனும் வீடு போக மாட்டான்.

நானும் எனிட்டும் அடுப்படியில் கிழங்கு உரிக்க, கூடத்தில் பேச்சு சூடு பிடித்திருந்தது. கிரீட் தீவிலிருந்து சிப்பாய்களை அள்ளி வந்தது, மால்டாவுக்கு மாவு மூட்டை கொண்டுபோனது, ரஷ்யா போகும் வழியில் பீரங்கி மேல் உறைந்த பனியைக் கோடரியால் வெட்டியது, எல்லாம் வரும். கடைசி நாள் மட்டும் வராது.

அந்தக் கடைசி நாளைத்தான் இன்று எனிட்டிடம் சொல்லிவிடுவது என்று வந்திருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அதைத் தவிர வேறு வேலையே பார்த்ததில்லை.

"எனிட், பெர்சி செத்தது என்னாலதான்."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

சொன்னேன். போர்க்காலத்தில் கப்பல் குப்பையைப் பகலில் கடலில் கொட்டக் கூடாது. இருட்டிய பிறகு, ஒரே தடவையில் கொட்ட வேண்டும். பகலில் கொட்டினால், மிதக்கிற தோலும் முட்டைக்கோஸ் இலையும் நாங்கள் போன வழியை எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்காரனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். சமையலறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் கேப்டன் சோதனைக்கு வருவதாக இருந்தது. குப்பை நிரம்பி வழிவதைப் பார்த்தால் தலைமைச் சமையல்காரர் என் தோலை உரித்துவிடுவார். மூன்று மணிக்கு, யாரும் பார்க்காத சமயம், மூன்று வாளியையும் கடலில் கவிழ்த்தேன். கடல் குளம் மாதிரி கிடந்தது. எங்களுக்குப் பின்னால் தோல் ஒரு கோடாக நின்றது.

ஐந்தரைக்கு நீர்மூழ்கி விட்ட டார்பிடோ குண்டு கொதிகலன் அறையில் அடித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒரு திட்டுக்குப் பயந்து.

எனிட் கிழங்கை உரித்து முடித்துத் தண்ணீரில் போட்டாள்.

"நீங்க நாலாவது ஆளு," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கோட்ஃப்ரே கொதிகலன்ல கரும்புகை விட்டுட்டாராம், அதப் பார்த்துத்தான் நீர்மூழ்கிக்காரன் வந்தானாம். காவலுக்கு நின்ன நெட்டுக்குத் தண்ணி மேல என்னமோ தெரிஞ்சுதாம். முன்னாடி ஒரு தடவ டால்பினப் பார்த்துக் கத்தி ஊரே சிரிச்சுதுன்னு வாயத் திறக்கலையாம். தண்ணிக்கடியில வர்ற சத்தத்தக் கருவியில கேக்குற ஆர்ச்சி கண்ணசந்துட்டாராம். எல்லாரும் இதே அடுப்படியிலதான் வந்து அழுதாங்க. உங்க தப்பில்லன்னு சொன்னேன். மூஞ்சி தெளிஞ்சு போயிட்டாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் தனியாகச் சுமந்த மூட்டையை இன்னும் மூன்று பேர் தோள் கொடுத்துத் தூக்கியது போல இருந்தது. எனக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"உங்களாலதான்னு உறுதியா தெரியுமான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன்," என்றாள். "இல்லாமலும் இருக்கலாம்னுட்டாங்க."

அவள் குரல் இறங்கியிருந்தது.

"கப்பல் கிளம்புறதுக்கு முந்தின செவ்வாக்கிழமை, கடை வரிசையில நிக்கிறேன். ஆளுக்கு ஒரு முட்டைதான்னான் கடைக்காரன். வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரர் கப்பல் கிளம்புது, கேக் பண்ணணும், இன்னொண்ணு குடுங்கன்னு கேட்டேன். பின்னால இருபது பேரு நின்னாங்க. யார் யாருன்னு எனக்குத் தெரியாது."

வியாழன் கிளம்பினோம். சனிக்கிழமை மூழ்கினோம். எதிரியின் ஒற்றன் காதில் விழும், கப்பல் விஷயத்தை வெளியே பேசாதே என்று அப்போது ஊரெல்லாம் தாள் ஒட்டியிருந்தது, அந்தக் கடைச் சுவரிலும் இருந்திருக்கும்.

"முட்டை குடுத்தான்," என்றாள்.

நான் அடுத்த கிழங்கை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"வில்ஃப், தோல் கோடா நின்னுச்சுன்னீங்களே. கண்ணால பார்த்தீங்கதானே? உறுதியா?"

அன்று நாலு மணிக்கே காற்று எழுந்து கடல் புரண்டது. தோல் அப்போதே சிதறிப் போயிருக்கலாம். அந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருடமாகத் தூங்கியிருக்கிறேன். அவளிடம் கடைசியாகச் சொல்ல அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

"உறுதிதான்," என்றேன். "கடைசி வரைக்கும் அப்படியே நின்னுச்சு. குருடன்கூடப் பின்னாடியே வந்திருப்பான்."

எனிட் கத்தியைக் கீழே வைத்தாள். மூச்சை நீளமாக விட்டாள்.

"உங்கள நான் மன்னிக்கவே மாட்டேன், வில்ஃப்."

"வேண்டாம்," என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு தோலைக் கொட்டப் போனேன்.